குழந்தைக்குக் கேஸ் வைப்பது: அந்த உப்புத் தண்ணீர் என்ன செய்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) இருக்கும் இடம் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். லயத்தில் ஒன்றாக இருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது இங்கே வரிசை வீடுகளில் இருக்கிறோம். அப்போதெல்லாம் உடம்புக்கு ஏதாவது என்றால் டிரெஸ்ஸர் வீட்டுக்கு ஓடுவோம். இப்போது என் வீட்டுக் கேட்டைத் தட்டுகிறார்கள். ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் தானாக வந்து சேர்ந்த பதவி. சம்பளம் கிடையாது, தீபாவளிக்கு முறுக்கு மட்டும் நிறைய வரும்.

ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு மூன்று வீடு தள்ளியிருக்கும் பெண் கேட்டைத் தட்டினாள். தோளில் ஐந்து மாதப் பையன். பின்னாலேயே அவள் மாமியார், கையில் ஆன்லைனில் வாங்கிய நெபுலைசர், அதாவது 'கேஸ்' வைக்கும் மெஷினோடு.

"ஆன்ட்டி, ரெண்டு தடவை கேஸ் வச்சும் இழுப்பு நிக்கல."

"உள்ள என்னம்மா ஊத்தினே?"

மாமியார் முந்திக்கொண்டார். "உப்புத் தண்ணிதான். ஆஸ்பத்திரியிலயும் அதைத்தானே வைக்கிறாங்க? நல்லா காய்ச்சி ஆற வச்சுத்தான் கலந்தேன்."

மருந்துக் குப்பியைத் திறந்து பார்த்தேன். அடியில் கலங்கலாக ஒரு படிவு, சமையல் உப்பில் இருக்கும் தூசி. பையனின் சட்டையைத் தூக்கிவிட்டு, கைப்பேசியில் ஒரு நிமிடம் வைத்து மூச்சை எண்ணினேன். 62, அந்த வயதுக்கு அதிகம். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே தோல் பள்ளமாக உள்ளே போனது. பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, காரை எடுக்கச் சொன்னேன்.

அந்த அம்மா சொன்னதில் பாதி சரி. ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு உப்புத் தண்ணீரை நெபுலைசரில் வைப்பது உண்டுதான். மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த மெஷின். நம்மூரில் 'கேஸ்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அது வாயுவும் இல்லை, வெந்நீர் ஆவியும் இல்லை. தொட்டுப் பார்த்தால் குளிர்ச்சியாக இருக்கும். கம்ப்ரெஸர் அனுப்பும் காற்றோ ஆஸ்பத்திரிச் சுவரிலிருந்து வரும் ஆக்சிஜனோ, நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் வேகத்தில் ஓர் ஊசித்துளை வழியாகச் சீறும். அந்த வேகத்தில் குப்பியில் உள்ள திரவம் மேலே இழுக்கப்பட்டு, அங்குள்ள தடுப்பில் மோதிப் பொடிப்பொடித் துளிகளாகச் சிதறும். பெரிய துளிகள் மறுபடி குப்பிக்குள்ளேயே விழ, சின்னவை மட்டும் மாஸ்க்குக்கு வரும். 5 மைக்ரானுக்கும் குறைந்த துளிகள்தாம் நுரையீரலின் ஆழத்துக்குப் போகும். நம் தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது அந்த அளவு.

ஆக நெபுலைசர் என்பது மருந்து இல்லை, லாரி. என்ன சரக்கு ஏற்றினோம் என்பதுதான் கேள்வி. ஆஸ்துமாக்காரருக்கு அதில் சால்பியூட்டமால் என்ற இழுப்பு மருந்தை ஏற்றுகிறார்கள், இந்தக் குழந்தைக்கு உப்புநீர் ஏற்றலாமா என்று யோசிக்கிறார்கள். "கேஸ் வச்சாங்க" என்று யாராவது சொன்னால் எனக்குப் பாதி விவரம்தான் கிடைக்கிறது. "லாரி வந்துச்சு" என்றால் செம்பனைக் குலையா செங்கல்லா என்று கேட்க மாட்டோமா?

சரி, நோய்க்கு வருவோம். பிராங்கியோலைட்டிஸ் என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தில் எழுதுவார்கள். இரண்டு வயதுக்குக் கீழே, அதிலும் ஒரு வயதுக்குள், மூன்றிலிருந்து ஆறு மாதக் குழந்தைகளுக்கு அதிகம் வருவது. மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இறங்கி, இரண்டாகி, நாலாகி, கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சிறுத்துப்போகும். அந்தக் கடைசிக் கிளைகள் வீங்கி அடைத்துக்கொள்வதுதான் இந்த நோய். பெரும்பாலும் காரணம் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ். 1956இல் அதை முதலில் கண்டுபிடித்தது, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த சிம்பன்ஸிக் குரங்குகளிடம். மறு வருஷமே மனிதக் குழந்தைகளிடமும் அது இருப்பது தெரிந்தது. இரண்டு வயது முடிவதற்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் ஒரு தடவையாவது வந்து போய்விடும். நமக்கும் வரும், ரெண்டு நாள் மூக்கைச் சிந்திவிட்டு வேலைக்குப் போய்விடுவோம். அப்படிச் சிந்திய கையாலேயே பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டும் போவோம்.

நமக்குச் சாதாரணச் சளியாகப் போவது பிள்ளைக்கு ஏன் இப்படி ஆகிறது? பச்சை மாவுத் துண்டுகள் மிதக்கும் சென்டோல் குடிக்கும் ஸ்ட்ராவை நினைத்துப் பாருங்கள். தடித்த ஸ்ட்ராவில் ஒரு பச்சைத் துண்டு ஒட்டிக்கொண்டாலும் உறிஞ்சலாம். மெல்லிய ஸ்ட்ராவில் அதே துண்டு சிக்கினால் கன்னம் ஒட்டிப்போகும் அளவுக்கு இழுக்க வேண்டும். இதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது: குழாயின் விட்டம் பாதியானால் அதன் வழியே ஓட்டத்துக்கு ஏற்படும் தடை இரண்டு மடங்கு அல்ல, 16 மடங்கு ஆகும். ஒரு கடுகளவு வீக்கமும் ஒரு சொட்டுச் சளியும் பெரியவருக்குப் பொருட்டே இல்லை. குழந்தைக்கு அதுவே நெஞ்சுக்கூட்டை உள்ளே இழுத்துவிடும்.

அந்தக் குழாய்க்குள் என்ன இருக்கிறது என்பது முக்கியம். வைரஸ் தாக்கிய உள்தோல் செல்கள் செத்து உதிர்கின்றன. குழாய்ச் சுவர் நீர்கோத்து வீங்குகிறது. சளி கெட்டியாகிறது. இந்த மூன்றும் சேர்ந்துதான் அடைப்பு. ஆஸ்துமாவில் நிலைமை வேறு: அங்கே குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுக்கிப் பிடிப்பதுதான் முக்கியத் தொல்லை, சால்பியூட்டமால் அந்தத் தசையைத் தளர்த்திவிடும். பிராங்கியோலைட்டிஸில் தசையைத் தளர்த்தி என்ன பயன்? வாய்க்காலில் சேறு அடைத்திருக்கும்போது கரையை அகலப்படுத்துகிற வேலை அது. ஆனாலும் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இழுக்கிற குழந்தை எது வந்தாலும் சால்பியூட்டமால்தான் வைத்தோம். நானே எத்தனை பிள்ளைகளுக்கு வைத்திருப்பேன் என்று கணக்கு இல்லை. இதயம் படபடவென்று அடித்ததைத் தவிர அதனால் அவர்களுக்குப் பெரிய நன்மை இருந்திருக்காது என்று இப்போது தெரிகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இலும், பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2015இலும் அதை வைக்க வேண்டாம் என்றே எழுதிவிட்டன. ஸ்டீராய்டும் அப்படித்தான். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கு உள்ள மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது.

இந்த இடத்தில்தான் உப்பு வருகிறது.

ஊறுகாய் போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மாங்காயை நறுக்கி உப்பைப் போட்டுக் கிளறி மூடி வைக்கிறோம், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை. மறுநாள் காலையில் திறந்தால் துண்டுகள் தண்ணீரில் மிதக்கின்றன. வெளியே உப்பு அதிகம், உள்ளே குறைவு, அதனால் உள்ளிருந்த நீர் உப்பை நோக்கி வெளியே வந்துவிடுகிறது. மூச்சுக்குழாய்க்குள் உப்புத் துளிகள் படிந்தாலும் அதேதான். வீங்கிய சுவரில் கோத்திருந்த நீர் குழாய்க்குள் கசிகிறது, வீக்கம் கொஞ்சம் வாடுகிறது. அந்த நீர் கெட்டிச் சளியில் கலந்து அதை இளக்குகிறது. இருமலும் வரும், இருமினால் இளகிய சளி நகரும்.

எவ்வளவு உப்பு? ஆஸ்பத்திரியில் ட்ரிப் ஏற்றும் சாதாரண சலைன் 0.9 சதவீதம், லிட்டருக்கு 9 கிராம் உப்பு. நம் ரத்தத்தோடு ஏறக்குறைய சமம், அதனால் அது நீரை எந்தப் பக்கமும் பெரிதாக இழுக்காது, ஈரப்படுத்தும், அவ்வளவுதான். பிராங்கியோலைட்டிஸில் பேசப்படுவது 3 சதவீத சலைன், லிட்டருக்கு 30 கிராம். கடல் தண்ணீரில் ஏறக்குறைய 35 கிராம் இருக்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடலைச் சும்மா இழுக்கவில்லை, அதற்கு ஒரு கதை உண்டு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று ஒரு பரம்பரை நோய், நுரையீரலில் சளி பசைபோல ஒட்டிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் அந்த நோய் உள்ளவர்களில் கடலில் அலைச்சறுக்கு விளையாடப் போகிறவர்களுக்கு மட்டும் நெஞ்சு தெளிவாக இருப்பதை டாக்டர்கள் கவனித்தார்கள். 7 சதவீத உப்புநீரை நெபுலைசரில் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள், 2006இல் நல்ல முடிவு வெளியானது. அதற்குச் சில வருஷம் முன்பே, 2002, 2003 வாக்கில், இஸ்ரேலில் பிராங்கியோலைட்டிஸ் குழந்தைகளுக்கு 3 சதவீதத்தை வைத்துப் பார்த்து, சீக்கிரம் வீட்டுக்குப் போகிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். விலை மலிவு, உப்பும் தண்ணீரும்தானே! உலகமெங்கும் ஆஸ்பத்திரிகள் ஆசையோடு தொடங்கின.

அப்புறம் நடந்தது சுவாரசியம். பல நாட்டுச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்துக் கணக்குப் போடும் காக்ரேன் ஆய்வு 2008இல் வந்தபோது, உப்புநீர் வைத்த பிள்ளைகள் ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாக வீட்டுக்குப் போகிறார்கள் என்றது. 2013இலும் ஒரு நாளுக்குச் சற்று மேல் என்றது. அதற்குள் பெரிய சோதனைகள் வர ஆரம்பித்தன. பிரிட்டனில் 300க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து நடந்து 2014இல் வெளியான சோதனையில், உப்புநீர் வைத்தவர்களும் வைக்காதவர்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் தேறினார்கள். 2017இல் காக்ரேன் மறுபடி கூட்டிப் பார்த்தபோது அந்த ஒரு நாள் சுமார் பத்து மணி நேரமாகச் சுருங்கியிருந்தது. 2023இலும் அதே அளவுதான், அந்தப் பத்து மணி நேரமும் உறுதி என்று அடித்துச் சொல்ல முடியாத நிலை.

அதனால்தான் டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. வார்டில் சேர்த்த குழந்தைக்கு வேண்டுமானால் வைக்கலாம், அவசரப் பிரிவில் வைத்து அனுப்பிவிட வேண்டாம் என்பது அமெரிக்கர்களின் 2014 நிலைப்பாடு. வேண்டவே வேண்டாம் என்பது நைஸ் சொல்வது. ஒரு டாக்டர் வைக்கிறார், இன்னொருவர் வைக்கவில்லை என்றால் இருவரில் ஒருவர் அலட்சியம் என்று அர்த்தமில்லை. என் கருத்தைக் கேட்டால், மூக்கில் கெட்டிச் சளியோடு வார்டில் படுத்திருக்கும் பிள்ளைக்கு அது கொஞ்சம் ஆறுதல் தருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் பார்த்தது அந்தப் பிள்ளைக்கு நாள் கடந்ததால் வந்த தெளிவாகவும் இருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்கத்தானே சோதனைகள் இருக்கின்றன.

வார்டில் வைக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்தால் விஷயம் புரியும். 4 மில்லிலிட்டர் மருந்தைக் குப்பியில் ஊற்றி, குழந்தையை அம்மா மடியில் நிமிர்த்தி உட்கார வைப்போம். மாஸ்க் மூக்கையும் வாயையும் சேர்த்து முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். பிள்ளை முகத்தைத் திருப்புகிறது, பாவமாக இருக்கிறது என்று அம்மா இரண்டு விரல்கடை தள்ளிப் பிடித்தால் போச்சு, புகையெல்லாம் ஃபேன் காற்றில் போய்விடும். வீறிட்டு அழுதாலும் பயனில்லை. நீளமாக வெளியே விட்டு, வெடுக்கென்று உள்ளே இழுக்கும் அந்த மூச்சில் துளிகள் தொண்டையிலேயே படிந்துவிடும். பாட்டு போட்டு, பல்லியைக் காட்டி, சில சமயம் தூங்கின பிறகு வைத்து, எப்படியோ பத்து நிமிடம் ஓட்டுவோம். இவ்வளவு செய்தும் மிகச் சிறிய பங்குதான் உள்ளே ஆழத்துக்குப் போகும். வைக்கும்போதும் பிறகும் மிஸ்ஸி பக்கத்தில் நிற்பதற்குக் காரணம் உண்டு. உப்பு உறுத்தி, சில குழந்தைகளுக்கு மூச்சுக்குழாய் இன்னும் இறுக்கிக்கொள்ளும். விரலில் மாட்டிய மீட்டரில் ஆக்சிஜன் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்போம்.

இப்போது அந்தச் சமையல் உப்புக்கு வருகிறேன். கரண்டியால் அள்ளிப் போட்டால் அது ஒரு சதவீதமா எட்டு சதவீதமா என்று யாருக்குத் தெரியும்? சமையல் உப்பில் கட்டி சேராமல் இருக்கக் கலக்கும் பொடியும் இருக்கும். காய்ச்சிய தண்ணீர் குடிக்கச் சுத்தம்தான், ஆனால் வயிற்றுக்குப் போவதும் நுரையீரலுக்குப் போவதும் ஒன்றில்லை. வயிற்றில் அமிலம் இருக்கிறது, வரும் கிருமியைப் பார்த்துக்கொள்ளும். நேற்றைய மிச்சம் உலராமல் இருக்கும் மருந்துக் குப்பியோ கிருமிக்கு நல்ல தொட்டில். ஆஸ்பத்திரியில் ஒரு தடவைக்கு ஒன்று என்று மூடி முத்திரையிட்டு வருவதை உடைத்து ஊற்றுகிறோம், மீந்ததைக் கொட்டிவிடுகிறோம்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது தெரியுமா? அந்த ராத்திரி பையனுக்குக் கேஸே வைக்கவில்லை. மூக்கில் மெல்லிய குழாயில் ஆக்சிஜன். சளியை மெதுவாக உறிஞ்சி எடுத்தார்கள். வேக வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டே பால் குடித்தால் புரையேறும் என்று, மூக்கு வழியே வயிற்றுக்கு ஒரு டியூப் போட்டு அம்மாவின் பாலையே கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். மாமியாருக்குக் கோபம் தாங்கவில்லை. "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்து ஒரு கேஸ்கூட வைக்கலியே!" என்று காரிடாரில் என்னிடம் பொங்கினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. புகை வரும் மெஷினைப் பார்த்தால்தான் வைத்தியம் நடப்பதாக நமக்குத் தோன்றுகிறது. ஆக்சிஜனும் பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் வைரஸ் தானாக அடங்கும் வரை பிள்ளையைத் தாங்கிப் பிடிப்பவை அவை இரண்டும்தான்.

அடங்க எத்தனை நாள்? முதல் இரண்டு மூன்று நாள் வெறும் மூக்கொழுகல், பிறகு இருமலும் இழுப்பும். மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சம், அதன்பின் இறங்குமுகம். இந்தக் கணக்குத் தெரிந்தால் ஒரு தவறு தவிரும்: இரண்டாம் நாள் கிளினிக்கில் "பரவாயில்லை" என்று சொல்லி அனுப்பிய பிள்ளை நான்காம் நாள் மோசமாகலாம். மறுபடி தூக்கிக்கொண்டு போகக் கூச்சப்படக் கூடாது.

வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கும் உப்புத் தண்ணீர் உண்டு, ஆனால் மூக்கில். மருந்துக் கடையில் 0.9 சதவீத மூக்குச் சொட்டு விற்கும். சின்னப் பிள்ளைகள் மூக்கு வழியாகத்தான் மூச்சுவிடும், மூக்கு அடைத்தால் முலையைக் கவ்விய உடனே விட்டுவிட்டு அழும். பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து வெளியே வருவதைத் துடைத்து எடுங்கள். உறிஞ்சும் ரப்பர் பந்து இருந்தால் மூக்கு வாசலோடு நிறுத்துங்கள், ஆழமாக விட வேண்டாம். பாலைக் குறைத்துக் குறைத்து அடிக்கடி கொடுங்கள்.

இன்னொன்று சொன்னால் என்னைத் திட்டுவீர்கள். குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுகிறோமே, அதைப் பிள்ளை தேறும் வரை நிறுத்துங்கள். மணம் எனக்கும் பிடிக்கும். ஆனால் வீங்கிய குழாய்க்கு அதுவும் புகை, கொசுவத்தியும் புகை, தாத்தா வாசலில் பிடிக்கும் சிகரெட்டும் புகை. மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டாம், அது நுரையீரலுக்கு இறங்கினால் தனியாக ஒரு நிமோனியா. கற்பூரத் தைலம் இரண்டு வயதுக்குக் கீழே கூடாது, தேன் ஒரு வயதுக்குக் கீழே கூடாது.

எப்போது காரை எடுப்பது? பிள்ளை அழாமல் இருக்கும்போது முழு ஒரு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழே 60ஐத் தொட்டால், இரண்டிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் 50, ஒரு வயதுக்கு மேல் 40, அதுதான் உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கோடு. விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தாலும், மூக்குத்துளை விடைத்தாலும், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினாலும், வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்காவிட்டாலும், பன்னிரண்டு மணி நேரம் பேம்பர்ஸ் நனையாவிட்டாலும் எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ, மூச்சு நடுவில் நின்று நின்று வந்தாலோ, எழுப்பினாலும் துவண்டாலோ 999. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளும் ஒன்றரை, இரண்டு மாதத்துக்குக் கீழுள்ள பிள்ளைகளும் இருமாமலேயே மூச்சை மறந்துவிடுவதுண்டு, அவர்களுக்குக் காத்திருப்பே வேண்டாம்.

பையன் நான்காம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டான். அடுத்த வாரம் மாமியார் போன் செய்தார், குரலில் இன்னும் கொஞ்சம் கோபம் பாக்கி இருந்தது.

"இன்னும் இருமிக்கிட்டே இருக்கான். மெஷின் சும்மாதான் கிடக்குது."

இந்த இருமல் இரண்டு மூன்று வாரம் இழுக்கும் என்று வார்டில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

"மூச்சு எண்ணினீங்களாம்மா?"

"எண்ணினேன். முப்பத்தாறு."

"பால் குடிக்கிறானா?"

"அதெல்லாம் நல்லா குடிக்கிறான். குடிச்சிட்டு என் மேலேயே கக்குறான்."

"சரிம்மா, அப்போ இருமட்டும்."